12 பேர் இருந்த இடத்தில் மிஞ்சியது 2 பேர்: பேக்-12 உடைந்தது ஏன்? கழட்டிவிடப்பட்ட கல்லூரிகளின் கதி என்ன?

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அன்று காலை வரை அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் கல்லூரி விளையாட்டுக் கூட்டணியான பேக்-12-ல் 9 பல்கலைக்கழகங்கள் நீடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. அன்று இரவுக்குள் 5 பேர் கிளம்பிவிட்டார்கள். அடுத்த நான்கு வாரத்தில் இன்னும் 2 பேர். கடைசியில் மிஞ்சியது ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்கள்.

108 ஆண்டு வரலாறு, 500-க்கும் மேற்பட்ட தேசிய சாம்பியன் பட்டங்கள், 'சாம்பியன்களின் கூட்டணி' என்ற பெருமை. இத்தனையும் இருந்த ஒரு அமைப்பு எப்படி இவ்வளவு சீக்கிரம் கரைந்தது? அந்த இரண்டு கல்லூரிகளை மட்டும் ஏன் யாரும் கூப்பிடவில்லை? அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது மாணவர்கள் மாலையில் ஆடிவிட்டுப் போகும் விஷயம் அல்ல. சனிக்கிழமைகளில் 80 ஆயிரம், 1 லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டேடியங்கள் கல்லூரி வளாகங்களிலேயே இருக்கின்றன. அதிலும் அமெரிக்கன் ஃபுட்பால்தான் ராஜா. பெரும்பாலான கல்லூரிகளில் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் நீச்சல், தடகளம், டென்னிஸ், மகளிர் அணிகள் எல்லாம் ஓடுகின்றன.

இந்தக் கல்லூரிகள் தங்களுக்குள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் கூட்டணிக்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை, சாம்பியன் பட்டம், டிவி ஒளிபரப்பு ஒப்பந்தம் எல்லாம் அதன் பொறுப்பு. வருகிற பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு காலத்தில் பேருந்தில் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்த கல்லூரிகள்தான் ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தன. பக்கத்து ஊர்ப் பகை, நூறாண்டுப் போட்டி என்பதெல்லாம் அப்படி வளர்ந்ததுதான்.

பேக்-12-ன் வேர் 1915-ல் தொடங்குகிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், இன்று ஒரேகான் ஸ்டேட் என்று அழைக்கப்படும் ஒரேகான் விவசாயக் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸை உருவாக்கின. வாஷிங்டன் ஸ்டேட் 1917-ல் வந்தது. அதாவது 2023-ல் நடுத்தெருவில் விடப்பட்ட இரண்டு கல்லூரிகளில் ஒன்று, அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நால்வரில் ஒருவர்.

டிவி பணம் உள்ளே வந்தது எப்படி?

எல்லாவற்றுக்கும் தொடக்கம் 1984. அதுவரை எந்தப் போட்டி டிவியில் வர வேண்டும், ஒரு கல்லூரி எத்தனை முறை டிவியில் தோன்றலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. என்சிஏஏ-வின் இந்தக் கட்டுப்பாடு போட்டியை முடக்குகிறது, சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவர் சும்மா ஆள் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஃபுட்பால் வீரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் கருத்தாக இருந்தது. பேக்-12 சரிவின் கடைசிக் கட்டத்தில் முதல் ஆளாக வெளியேறியது அதே கொலராடோதான்.

1984-க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் டிவியோடு நேரடியாகப் பேரம் பேசலாம் என்றானது. கூட்டமாகப் பேசினால் கூடுதல் விலை கிடைக்கும். பெரிய நகரங்களில் இருக்கும், பிரபலமான கல்லூரிகள் கூட்டத்தில் இருந்தால் இன்னும் கூடுதல் விலை. அன்றிலிருந்து கான்ஃபரன்ஸ்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கல்லூரிகளை இழுப்பது ஆரம்பித்தது.

பேக்-12 எங்கே கோட்டைவிட்டது?

2011-ல் பேக்-12 நல்ல நிலையில்தான் இருந்தது. கொலராடோவும் யூட்டாவும் புதிதாகச் சேர, இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் நிறுவனங்களோடு 12 ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அப்போது அது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. ஒரு கோடி டாலர் என்றால் இன்றைய மதிப்பில் 80 கோடி ரூபாய்க்கும் மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தத் தொகைகளின் கனம் புரியும்.

அடுத்த ஆண்டு சொந்தமாக டிவி சேனலும் தொடங்கியது. இங்கேதான் முதல் சறுக்கல். பிக் டென் தன் சேனலை ஃபாக்ஸோடு சேர்ந்து நடத்தியது. தெற்கு மாநிலங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸ் இஎஸ்பிஎன்னோடு கைகோத்தது. பேக்-12 மட்டும் யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. பங்குதாரர் இல்லாததால், கேபிள், டிஷ் நிறுவனங்களிடம் பேரம் பேச அதற்குப் பலம் இருக்கவில்லை. டைரக்ட்டிவி என்ற மிகப் பெரிய டிஷ் நிறுவனம் அந்தச் சேனலைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. பல ரசிகர்களின் வீட்டில் சொந்தக் கல்லூரியின் ஆட்டமே தெரியவில்லை.

இரண்டாவது சறுக்கல் நேரம். மேற்குக் கடற்கரையில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு இரவு 10.30. நாட்டின் பாதி தூங்கப் போகும் நேரத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு டிவி எவ்வளவு கொடுக்கும்?

2022 ஜூன் 30 அன்று முதல் இடி விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் 2024 முதல் பிக் டென்னில் சேருவதாக அறிவித்தன. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய டிவி சந்தை ஒரே நாளில் கைவிட்டுப் போனது. சில வாரங்களில் பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களோடு 7 ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் போட்டது.

மூன்றாவது சறுக்கல்தான் உயிரையே எடுத்தது. 2022 இலையுதிர் காலத்தில் இஎஸ்பிஎன் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், பல்கலைக்கழகத் தலைவர்கள் 5 கோடி கேட்டதாகவும் அமெரிக்க ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. பேக்-12 யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிக் 12 என்ற போட்டிக் கூட்டணி முந்திக்கொண்டது. ஒரு கல்லூரிக்குச் சராசரியாக 3.17 கோடி டாலர் என்று இஎஸ்பிஎன், ஃபாக்ஸோடு கையெழுத்துப் போட்டுவிட்டது. டிவி நிறுவனங்களின் கையில் இருந்த காசும் காலியிடமும் அத்தோடு தீர்ந்தன. அதிகம் கேட்கப் போய் இருந்ததும் போன கதைதான்.

ஒரே நாளில் ஐந்து விக்கெட்

2023 ஜூலை இறுதியில் கொலராடோ பிக் 12-க்குப் போனது. ஆகஸ்ட் முதல் நாள் பேக்-12 தலைவர்களின் முன் வைக்கப்பட்டது ஒரே ஒரு வாய்ப்புதான்: ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம். அடிப்படைத் தொகை ஒரு கல்லூரிக்கு 2.3 முதல் 2.5 கோடி டாலர் வரை என்று சொல்லப்பட்டது. சந்தாதாரர்கள் அதிகமானால் கூடுதல் பணம். சாதாரண டிவியில் ஆட்டம் வராது என்பதே பலருக்கு உதறலைத் தந்தது.

ஆகஸ்ட் 4 காலையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. ஒரேகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 பக்கம் சாய்ந்தன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏசிசி-யில் சேர்ந்தன. ஏசிசி என்பதன் விரிவு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். பசிஃபிக் கடற்கரைக் கல்லூரிகள் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில்! அதுவும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு டிவி பணத்தில் 30 சதவீதப் பங்கு மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டு போனார்கள். நடுத்தெருவுக்கு வருவதைவிட அது மேல் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் சரியில்லாததால் கழட்டிவிட்டார்களா?

இல்லை. இதுதான் கதையின் முக்கியமான இடம்.

2022 சீசனில் ஒரேகான் ஸ்டேட் 10 ஆட்டங்களில் வென்றது. லாஸ் வேகாஸ் போட்டியில் புகழ்பெற்ற ஃபுளோரிடா அணியை 30-3 என்று நசுக்கியது. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 16 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, 2023 சீசனுக்குத் திறந்தது. வாஷிங்டன் ஸ்டேட்டின் மகளிர் கூடைப்பந்து அணி 2023 மார்ச்சில் பேக்-12 தொடரை வென்றது. அந்தக் கல்லூரியின் மகளிர் அணி ஒன்று இந்தக் கான்ஃபரன்ஸில் பட்டம் வென்றது அதுதான் முதல் முறை.

2023 செப்டம்பர் 23 அன்று இரண்டு அணிகளும் மோதியபோது, ஒரேகான் ஸ்டேட் தேசிய தரவரிசையில் 14-வது இடம், வாஷிங்டன் ஸ்டேட் 21-வது இடம். 'பேக்-2 சாம்பியன்ஷிப்' என்று ரசிகர்கள் கிண்டலாகப் பெயர் வைத்த அந்த ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட் 38-35 என்று வென்றது. யாரும் வேண்டாம் என்று விட்ட இரண்டு அணிகளும் நாட்டின் தலைசிறந்த 25 அணிகளுக்குள் இருந்தன.

அப்புறம் ஏன்? ஊர். ஒரேகான் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸ் சுமார் 60 ஆயிரம் பேர் வாழும் ஊர். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மேன், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அதன் மக்கள்தொகையும் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் இருக்கைகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. இரண்டும் 33 ஆயிரம் வாக்கில். சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் கண்களை டிவி நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கின. புல்மேனுக்கு அந்தக் கணக்கில் மதிப்பு இல்லை.

இரண்டுமே 19-ம் நூற்றாண்டு நிலக்கொடைச் சட்டத்தின் கீழ் விவசாயம், பொறியியல் கற்றுக்கொடுக்க வந்த அரசுப் பல்கலைக்கழகங்கள். காஸ்மிக் க்ரிஸ்ப் என்ற ஆப்பிள் ரகம் வாஷிங்டன் ஸ்டேட்டில் உருவானதுதான். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் படிக்க ஊர்ப்புறத்தில் கட்டியதே இவற்றின் நோக்கம். அதே ஊர்ப்புறமே டிவி சந்தையில் பாதகமாகிவிட்டது.

நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி

போகிறவர்கள் போகட்டும், இருக்கிற சொத்தையாவது காப்பாற்றுவோம் என்று இரண்டு கல்லூரிகளும் 2023 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போயின.

வாதம் எளிமையானது. 2024 ஆகஸ்ட் 1-க்கு முன் வெளியேறுவதாக அறிவிப்புக் கொடுத்தால், அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழு இடம் தானாகவே பறிபோகும் என்று கான்ஃபரன்ஸ் விதி சொல்கிறது. 2022-ல் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் அறிவித்தபோது அவர்களை இதே விதியின்படி குழுவிலிருந்து விலக்கினார்கள். அப்படியானால் மற்ற எட்டுப் பேருக்கும் அதே விதிதானே?

வெளியேறும் தரப்போ, 'நாங்கள் இன்னும் போகவில்லை, 2024-ல்தான் போகிறோம், அதுவரை ஓட்டு உண்டு' என்றது. 10 பேருக்கும் ஓட்டு இருந்தால், கான்ஃபரன்ஸையே கலைத்துவிட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியும் என்பதுதான் மிஞ்சிய இருவரின் பயம்.

நவம்பர் 14 அன்று நீதிபதி கேரி லிபி இரண்டு கல்லூரிகளுக்கும் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பிறகு சமரசம் ஏற்பட்டது. போகிறவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் சுமார் 6.5 கோடி டாலர் பிடித்துக்கொள்ளப்பட்டது. கான்ஃபரன்ஸின் பெயரும் எதிர்கால வருமானமும் இருவர் கைக்கு வந்தன. ஆனால் சொத்தோடு கடனும் வந்தது. காம்காஸ்ட் கேபிள் நிறுவனம் கூடுதலாகக் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பும் அதில் அடங்கும்.

வழக்கில் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் ஒரு முறை கிடைப்பது. ஆண்டுதோறும் வரும் டிவி பணத்துக்கு அது ஈடாகாது.

அதன் பிறகு என்ன நடந்தது?

முதலில் பணம். பேக்-12 கடைசி ஆண்டுகளில் ஒரு கல்லூரிக்குச் சுமார் 3.3 கோடி டாலர் பங்கு கொடுத்துவந்தது. இந்த இருவரும் அடுத்துச் சேரக்கூடிய இடமாகப் பேசப்பட்ட மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் டிவி ஒப்பந்தம் மூலம் ஒரு கல்லூரிக்குக் கிடைத்தது சுமார் 40 லட்சம் டாலர்தான். எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

2024-ல் ஆட ஆளில்லாமல், மவுன்டன் வெஸ்ட் அணிகளோடு ஒரு ஆண்டுக்கு ஆட இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து சுமார் 1.4 கோடி டாலர் கொடுத்தன. கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளை வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இரண்டு ஆண்டுக்கு விருந்தாளியாக வைத்தன. 2025 ஃபுட்பால் சீசனில் நிலைமை இன்னும் விசித்திரம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் கான்ஃபரன்ஸ் என்பதால், ஒரே சீசனில் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை மோதிக்கொண்டார்கள்.

அடுத்தது ஆட்கள். இப்போதைய விதிப்படி மாணவ வீரர்கள் ஒரு ஆண்டுகூட உட்கார வேண்டாம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு உடனே வேறு கல்லூரிக்குப் போகலாம். 2021 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கவும் முடியும். கான்ஃபரன்ஸ் உடைந்த நேரமும் இந்த மாற்றமும் ஒன்றுசேர்ந்தபோது அடி இரட்டிப்பானது.

வாஷிங்டன் ஸ்டேட்டின் குவாட்டர்பேக் கேம் வார்டு மயாமிக்குப் போனார். 2025-ல் என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்து பிரகாசித்த ஜான் மட்டீர் ஒரே சீசனில் ஒக்லஹோமாவுக்குப் போனார். அதே குளிர்காலத்தில் பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட்டும் வேக் ஃபாரஸ்ட்டுக்குக் கிளம்பினார். ஒரேகான் ஸ்டேட் பயிற்சியாளரும் அதன் முன்னாள் வீரருமான ஜொனதன் ஸ்மித் 2023 நவம்பரிலேயே பிக் டென்னில் உள்ள மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

மகளிர் கூடைப்பந்தில் அடி இன்னும் பலம். 2024 மார்ச்சில் ஒரேகான் ஸ்டேட் மகளிர் அணி தேசியத் தொடரின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. சில வாரங்களில் அந்த அணியே காலி. ரேகன் பியர்ஸ் ஒக்லஹோமாவுக்கும், டாலியா வான் ஓல்ஹோஃபன் யுஎஸ்சிக்கும், டிமியா கார்டினர் யுசிஎல்ஏவுக்கும் போனார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் சார்லிஸ் லெகர்-வாக்கரும் யுசிஎல்ஏவுக்கே போனார். கூட்டணியை உடைத்துக்கொண்டு போன கல்லூரிகளிலேயே வீராங்கனைகள் போய்ச் சேர்ந்ததுதான் வேதனை. ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான்கே ஆண்டு ஆடும் வாய்ப்பு இருக்கும் ஒரு 20 வயதுப் பெண் பெரிய மேடையைத் தேடிப் போவது இயல்புதானே?

மூன்றாவது, சின்ன விளையாட்டுகள். 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தடகளத்தில் ஈட்டி எறிதல், குண்டு எறிதல் போன்ற களப் போட்டிகளை நிறுத்தி, குறுகிய தூர ஓட்டங்களைக் குறைத்து, நீண்ட தூர ஓட்டத்தில் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. டிவியில் யாரும் பார்க்காத விளையாட்டு. ஆனால் அதில்தான் பல பிள்ளைகளின் படிப்புக்கான ஸ்காலர்ஷிப் இருந்தது. ஃபுட்பால் பணம் குறைந்தால் முதல் வெட்டு விழுவது இங்கேதான்.

நான்காவது, ஊர். ஆண்டுக்கு ஆறு ஏழு சனிக்கிழமைகளில் வரும் கூட்டத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட ஊர்களின் ஹோட்டல்களும் கடைகளும் இருக்கின்றன. சியாட்டிலிலிருந்து நான்கு ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வரும் பழைய மாணவர், எதிரே ஆடுவது யுஎஸ்சி என்றால் வருவார். பெயர் தெரியாத அணி என்றால் இருமுறை யோசிப்பார்.

எல்லாமே சோகம்தானா என்றால், அப்படியும் இல்லை. 2024 செப்டம்பரில் வாஷிங்டன் ஸ்டேட், 'ஆப்பிள் கப்' ஆட்டத்தில் தன்னை விட்டுப்போன வாஷிங்டனை சியாட்டிலிலேயே 24-19 என்று வீழ்த்தியது. அணியே காலியான ஒரேகான் ஸ்டேட் மகளிர் கூடைப்பந்து, அடுத்த ஆண்டே வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் தொடரை வென்றது. அதே கல்லூரியின் பேஸ்பால் அணி எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் தனி ஆளாக ஆடி, 2025-ல் தேசிய இறுதித் தொடர் வரை போனது.

ஆனால் ஃபுட்பாலில் இடைவெளி விரிகிறது. 2025 செப்டம்பர் 20, ஒரே நாளில் வாஷிங்டன் அணி வாஷிங்டன் ஸ்டேட்டை 59-24 என்றும், ஒரேகான் அணி ஒரேகான் ஸ்டேட்டை 41-7 என்றும் தோற்கடித்தன. அடுத்த மாதமே ஒரேகான் ஸ்டேட் தன் பயிற்சியாளரை நீக்கியது.

போனவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா?

பணம் கூடியிருக்கிறது. நிம்மதி கூடியதா என்பது வேறு கேள்வி. பிக் டென் இப்போது 18 கல்லூரிகளோடு சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சி வரை நீண்டுகிடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குப் போக சுமார் 4,000 கி.மீ. பறக்க வேண்டும். நேர வித்தியாசம் 3 மணி நேரம். ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடும், தனி விமானம் உண்டு. வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளுக்கு வாரத்தின் நடுவிலும் ஆட்டம் வரும், திங்கட்கிழமை வகுப்பும் உண்டு.

பெர்க்லிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட, யுசிஎல்ஏ ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான நிர்வாகக் குழு முடிவு செய்தது. இரண்டும் ஒரே மாநில அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் கிளைகள் என்பதால் இது சாத்தியமானது. மிஞ்சிய இரண்டு கல்லூரிகளுக்கு இப்படிக் கேட்க யாரும் இல்லை. ஒரேகான் மாநிலத்தின் பணக்கார அரசுக் கல்லூரி போய்விட்டது, இன்னொரு அரசுக் கல்லூரி நின்றுவிட்டது. வாஷிங்டன் மாநிலத்திலும் அதே கதை. ஒரே மாநிலத்து வரிப்பணத்தில் வளர்ந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஏறிப்போக, மற்றது பார்த்துக்கொண்டு நிற்கிறது.

புதிய பேக்-12: அடி வாங்கியவர் அடித்த கதை

ஒரு கான்ஃபரன்ஸில் குறைந்தது 8 உறுப்பினர்கள் வேண்டும் என்பது என்சிஏஏ விதி. குறைந்துபோனால் இரண்டு ஆண்டு அவகாசம். அதாவது 2026 ஜூலை 1-க்குள் எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும்.

2024 செப்டம்பரில் இருவரும் காய் நகர்த்தினார்கள். மவுன்டன் வெஸ்ட்டிலிருந்து பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட் நான்கையும் இழுத்தார்கள். பிறகு யூட்டா ஸ்டேட். ஃபுட்பால் ஆடாத, ஆனால் கூடைப்பந்தில் பெயர்பெற்ற கொன்சாகாவும் ஒப்புக்கொண்டது. 2025 ஜூன் இறுதியில் டெக்ஸஸ் ஸ்டேட் எட்டாவது ஃபுட்பால் உறுப்பினரானது. சிபிஎஸ் நிறுவனத்தோடு டிவி ஒப்பந்தமும் ஆனது.

ஆட இடமில்லாதபோது கைகொடுத்த மவுன்டன் வெஸ்ட்டின் ஐந்து கல்லூரிகளைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. 'எங்கள் ஆட்களை இழுத்தால் அபராதம்' என்று அந்த அட்டவணை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. ஐந்து கல்லூரிகளுக்கான தொகை 5.5 கோடி டாலர். அந்த நிபந்தனையே செல்லாது என்று பேக்-12 நீதிமன்றம் போனது. ஓராண்டுக்கு முன் கைவிடப்பட்டவர்கள், இப்போது வயோமிங், நெவாடா, நியூ மெக்ஸிகோ, சான் ஹோசே ஸ்டேட் போன்றவர்களைக் கைவிடும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களும் டெக்ஸஸ், இல்லினாய் வரை போய் ஆள் தேடினார்கள். மேலே ஒருவர் நகர்ந்தால், கீழே கடைசி ஆள் வரை ஒவ்வொருவரும் அடுத்தவர் காலை மிதிக்க வேண்டியிருக்கிறது.

இது முதல் முறையா?

இல்லை. மவுன்டன் வெஸ்ட்டே அப்படிப் பிறந்ததுதான். 1999-ல் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸிலிருந்து 8 கல்லூரிகள் பிரிந்துபோய் அமைத்தார்கள். கைவிடப்பட்ட அந்தப் பழைய கான்ஃபரன்ஸ் 2012-க்குப் பிறகு ஃபுட்பாலையே நிறுத்தியது.

டெக்ஸஸின் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் கலைந்தபோது டிசியு, எஸ்எம்யு, ரைஸ், ஹியூஸ்டன் நான்கும் வெளியே நின்றன. டிசியு மெல்ல மெல்ல ஏறி, 2022 சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. எஸ்எம்யு ஒன்பது ஆண்டுக்கு டிவி பணமே வேண்டாம் என்று சொல்லித்தான் 2024-ல் ஏசிசி-க்குள் நுழைய முடிந்தது. அந்தப் பணத்தைக் கொடுக்கக்கூடிய பணக்கார நன்கொடையாளர்கள் அதற்கு இருந்தார்கள். ரைஸ் இன்னும் பெரிய கூட்டணிகளுக்கு வெளியேதான் இருக்கிறது.

புல்மேனுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சுமார் 13 கி.மீ. தூரத்தில், மாநில எல்லையைத் தாண்டினால் ஐடஹோ பல்கலைக்கழகம். அதுவும் ஒரு காலத்தில் பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் உறுப்பினர். 1959-ல் ஊழல் புகார்களுக்குப் பின் அந்தக் கூட்டணி கலைந்தபோது, பெரிய கல்லூரிகள் மட்டும் புதிதாகக் கூடிக்கொண்டன. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-லும், ஒரேகான், ஒரேகான் ஸ்டேட் இரண்டையும் 1964-லும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஐடஹோவை யாரும் கூப்பிடவே இல்லை. 2018-ல் அது ஃபுட்பாலின் முதல் நிலையிலிருந்தே இறங்கிக்கொண்டது.

இனி என்ன?

புதிய பேக்-12 பிழைத்துக்கொள்ளும். ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். 2025 ஜூனில் ஒப்புதல் கிடைத்த நீதிமன்ற சமரசத்தின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பிக் டென் கல்லூரிக்கு டிவி பணத்தில் ஒரு பகுதிதான் அது. கோர்வாலிஸுக்கும் புல்மேனுக்கும் எட்டாத உயரம். 2026 முதல் தேசிய பிளேஆஃப் பணத்திலும் பிக் டென், எஸ்இசி இரண்டுக்கும் தலா சுமார் 29 சதவீதம் போகிறது. மற்ற எல்லோருக்கும் சேர்த்து மீதிதான்.

ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். ஊரின் அளவை எந்தப் பயிற்சியாளராலும் மாற்ற முடியாது. இப்போதைய ஒப்பந்தங்கள் 2030-ஐ ஒட்டி முடிகின்றன. அடுத்த பேரத்தில் பெரிய கூட்டணிகளுக்குள்ளேயே யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள், யார் சும்மா பங்கு வாங்குகிறார்கள் என்ற கணக்குப் பார்ப்பார்கள். அப்போது ஆபத்து கோர்வாலிஸுக்கும் புல்மேனுக்கும் மட்டும் அல்ல, இன்று பெரிய கூட்டணிகளுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கும்தான்.